குஞ்சுகளைப் பத்துக்குள் எண்ணாதீர்கள்: விலங்கு மருத்துவச் சேவைக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு தரைவீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. ஒரு சேவல், மூன்று பெட்டை. விற்பதற்கல்ல, வீட்டு முட்டைக்கும், எப்போதாவது ஒரு குழம்புக்கும். வீட்டில் பத்துக்கு மேல் கோழி கூடாது, வெளிப்பறவை நுழையாதபடி வலையடித்த கூண்டில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற உங்கள் விதிகள் தெரியும். கூண்டைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. 2004இல் அக்கம்பக்கத்து நாடுகளில் பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளைக் கோடிக்கணக்கில் அழித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். சுங்கை புலோ சதுப்புநிலத்துக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வரும் ஊரில் கோழியைத் திறந்துவிட்டு வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், நாங்களே சண்டைக்குப் போவோம்.

எங்கள் மனு அந்தப் பத்தைப் பற்றியது.

பண்ணை முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடைக்கு உட்காராது. அந்தக் குணத்தையே அதனிடமிருந்து கழித்துவிட்டார்கள். நாட்டுக்கோழி அப்படி இல்லை. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் நிறுத்திவிட்டு, இறகை உப்பிக்கொண்டு கூட்டை விட்டு நகராமல் கிடக்கும். கையைக் கொண்டுபோனால் உறுமிக்கொண்டே கொத்தும். என் மாமியார் அதைப் பார்த்ததும் பழைய கூடையில் வைக்கோல் பரப்பிவிடுவார். அத்தைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையோடு வளர்ந்தவர். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்ப்போம். கரு இருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பு நரம்புகள் சிலந்தி போலப் பரவியிருக்கும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடுவோம். இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும்.

சரி, கணக்கைப் பாருங்கள். பெரியவை நான்கு. பன்னிரண்டு முட்டை வைத்து ஒன்பது பொரித்தால் மொத்தம் பதின்மூன்று. பத்து என்றால் குஞ்சும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு, கோழிக்கு அடியில் ஆறு முட்டைக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை. அதில் நான்கு பொரிக்கும். மழை நாளில் தரை ஈரமாகி இரத்தக்கழிச்சல் வந்தால் ஒன்றிரண்டு போய்விடும். மிச்சத்தில் பாதி சேவல். கடைசியில் கைக்கு வருவது ஒரே ஒரு பெட்டை. அது நோஞ்சானாக இருந்தாலும், அடை சரியாகக் காக்காவிட்டாலும் அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு இல்லையே!

ஒரு கோழி இனத்தைக் காப்பது என்பது பொறுக்கி எடுப்பதுதான். நாலைந்து பெட்டைக் குஞ்சை வளர்த்துப் பார்த்து, நல்ல உடம்பும் சுறுசுறுப்பும் உள்ள ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மற்றதைக் கறிக்கு விட வேண்டும். அதற்கு இடமில்லாமல் போனால் அண்ணன் தங்கைக்குள்ளேயே இணை சேர்ந்து, சில தலைமுறையில் முட்டை பொரிப்பதும் குறையும், குஞ்சு தேறுவதும் குறையும். அப்புறம் ஆட்கள் பேசாமல் பண்ணைக் கோழிக்கு மாறிவிடுகிறார்கள். நாட்டின் முட்டைத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்ப் பண்ணைகள் தருகின்றன; நல்ல விஷயம். ஆனால் அடைகாக்கத் தெரிந்த கோழியை வைத்திருப்பது எங்களைப் போன்ற சில வீடுகள்தான்.

உணவுப் பாதுகாப்பு என்று பெரிதாகப் பேச வரவில்லை. மூன்று பெட்டை ஒரு குடும்பத்துக்கே முழுதாகப் போதாது. 2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நாம் கம்பத்துக் கோழி (கம்பம் என்றால் மலாயில் கிராமம்) என்று வாங்குவதும் சேர்ந்தே நின்றது. இரண்டு வாரத்தில் அதற்கும் கருங்கோழிக்கும் மட்டும் முதலில் அனுமதி கொடுத்தார்கள். கம்பம் இங்கே இருந்த காலம் போய்விட்டது, கோழியும் அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பலர் கவனித்தார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: பன்னிரண்டு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளைப் பத்துக்குள் எண்ண வேண்டாம். இரண்டு மாதத்தில் தாயே கொத்தி விரட்டத் தொடங்கிவிடும். மூன்று மாதத்தில் எது சேவல், எது தேறும் என்று தெரிந்துவிடும். அதற்குள் பத்துக்குக் குறைத்துவிடுகிறோம். அதே வலைக்கூண்டுக்குள் தாயோடு இருக்கும் குஞ்சால் வெளிப்பறவையோடு புதிதாக ஒரு தொடர்பும் வரப்போவதில்லை. பதிவு செய்யச் சொன்னால் செய்கிறோம், காலில் வளையம் மாட்டச் சொன்னால் மாட்டுகிறோம். 1989இலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கூடாது என்றிருந்த பூனைக்கு, 2024 செப்டம்பரிலிருந்து உரிமம் கொடுத்து இரண்டு வரை அனுமதித்திருக்கிறீர்கள். எண்ணும் விதியும் கல்லில் வெட்டியதல்ல என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

சேவல் சத்தம் என்பீர்கள். 2017இல் சின் மிங் அவென்யூவில் சத்தம் குறித்த புகாருக்குப் பிறகு, சுற்றித் திரிந்த கோழிகளைக் கொன்றதும் அதற்கு எழுந்த கோபமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவை யாருடையவையும் அல்ல. எங்கள் சேவல் குஞ்சு நாலைந்து மாதத்தில்தான் கூவப் பழகும். அதற்கு முன்பே கறிக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொல்லை இல்லை. அதற்கு நீங்களும் சிங்கப்பூர் உணவு அமைப்பும் சேர்ந்து ஒரு வழி செய்து கொடுங்கள்: உரிமம் பெற்ற அறுப்புக்கூடம் ஒன்றில், மாதம் ஒரு நாள், வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று கோழியைக் கொண்டுவந்தாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு அறுத்துத் தரட்டும்.

இப்படிக்கு,
சிராங்கூன் கார்டனிலிருந்து ஒரு குடும்பம்