நாய், பூனை லைசென்ஸ்: விக்கிறவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்ல வளர்க்கிற நாய்க்கும் பூனைக்கும் லைசென்ஸ் எடுக்கணும், தோலுக்கு அடியில நம்பர் உள்ள ஒரு சின்ன சிப் போடணும், இல்லன்னா ஃபைன்னு உள்ளாட்சிகள் ஒவ்வொண்ணா விதி கொண்டு வர்றாங்க, உங்க பேப்பர்லயும் அதப்பத்தி செய்தி வருது. செய்தி வந்ததும் ஜனங்க ரெண்டா பிரிஞ்சுடறாங்க. ஒரு பக்கம் இது வெறும் வசூல்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் நாய் வளர்க்கிறதையே தடை பண்ணுங்கங்கிறாங்க. நான் பல வருஷமா நாயும் பூனையும் வளர்க்கிறவ, யாரோ தெருவுல விட்டுட்டு போனத எடுத்துட்டு வந்து வீடு தேடி கொடுக்கிற வேலையும் செய்யறவ. லைசென்ஸ் கண்டிப்பா வேணும்தான். ஆனா விதி எழுதறவங்க தப்பான முனையில இருந்து ஆரம்பிக்கிறாங்க. அத கொஞ்சம் விளக்கமா எழுதறேன், நீளமா போனாலும் தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

இப்ப வர்ற விதி பெரும்பாலும் யார புடிக்குதுன்னு பாருங்க. ஏற்கனவே ஒழுங்கா வளர்க்கிறவங்களத்தான். அவங்கதான் ஊசி புக்க எடுத்துட்டு போய் கவுன்ட்டர்ல நிக்கிறாங்க, ஃபோட்டோ அப்லோடு ஆகலன்னு ராத்திரி வரைக்கும் ஃபோனோட உக்காந்திருக்காங்க, வருஷா வருஷம் ரினியூவலும் பண்றாங்க. குட்டி போட வச்சு விக்கிறவர் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. ஆசைப்பட்டு வாங்கி, அது வளந்து பெருசானதும் சமாளிக்க முடியாம ஊருக்கு வெளிய இறக்கி விட்டுட்டு போறவர் பேரும் இல்ல. அந்த நாய்க்கு நம்பரே கிடையாது, அதனால அத விட்டவர கேக்கவும் ஆள் கிடையாது, கடைசியில அது தெரு நாய் கணக்குல சேந்து அதுக்கும் அதே உள்ளாட்சிதான் செலவு பண்ணுது.

இங்கிலாந்துல 2016 ஏப்ரல்ல இருந்து நாய்க்கு சிப் கட்டாயம். அதுல எனக்கு ரொம்ப சரின்னு பட்டது அது தொடங்குற இடம். குட்டிக்கு 8 வாரம் ஆகறதுக்குள்ள சிப் போடணும், முதல் ஆளா பிரீடர், அதாவது குட்டி போட வச்சவர் பேருதான் பதிவாகணும், அதுக்கப்புறம் யார் கைக்கு போகுதோ அவங்க பேருக்கு மாத்தணும். அப்போ எந்த நாய் எங்க கிடைச்சாலும் நூல் புடிச்ச மாதிரி பின்னாடியே போனா அது பிறந்த இடம் வரைக்கும் போயிடலாம். நடுவுல யாராவது பேர் மாத்தாம வித்திருந்தா, அது அவர் தலையிலதான் நிக்கும், அதனால அவரே விரட்டி விரட்டி பேர மாத்த வைப்பாரு. இந்த ஒரு விதிய வச்சிட்டா உள்ளாட்சி ஆளுங்க வீடு வீடா போய் நாய் எண்ணிட்டு இருக்கவே வேண்டாம், விக்கிற இடத்துல நின்னா போதும்.

விட்டுட்டு போன நாய பாத்தவங்களுக்கு தெரியும், அது தெரு நாய் மாதிரி இருக்காது. கழுத்த சுத்தி முடி தேஞ்சு பெல்ட் இருந்த தடம் இருக்கும். இறக்கி விட்ட இடத்த விட்டு நகராது, தன்ன விட்டுட்டு போன வண்டி மாதிரி சத்தத்தோட எந்த வண்டி வந்தாலும் எழுந்து நின்னு பாக்கும், கொஞ்ச தூரம் ஓடிட்டு திரும்பி அங்கயே வந்து படுக்கும். ரோடு க்ராஸ் பண்ண தெரியாது. அந்த ஏரியா நாய்ங்க வந்து கடிச்சா திருப்பி சண்ட போடவும் தெரியாது, மல்லாக்க படுத்துக்கும். பூனை இன்னும் மோசம், நின்னுட்டு இருக்கிற கார் அடியில போய் ஒடுங்கி உக்காந்துக்கும், கூப்பிட்டாலும் வராது, ரெண்டு மூணு நாள் எதுவும் சாப்பிடாம இருந்துட்டு கண்ணெல்லாம் ஒட்டிப்போய் கிடக்கும். இத பண்றவங்கள தேடி புடிக்க முடியலங்கிறதுதான் என்னோட கோவம், அதுக்கு வழி இருந்தும் விதியில எழுதாம விடறாங்கங்கிறது அதவிட பெரிய கோவம்.

சிப் பத்தியும் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் அத ஜிபிஎஸ்னு நினைச்சுட்டு இருக்காங்க. சிப்புங்கிறது ஒரு அரிசி அளவு இருக்கும், ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தோலுக்கு அடியில ஊசியால போடறாங்க, அதுல பேட்டரி கிடையாது, நாய் எங்க இருக்குன்னு அது சொல்லாது. ஸ்கேனர கிட்ட கொண்டு போனா ஒரு 15 இலக்க நம்பர் காட்டும், அவ்வளவுதான் அதோட வேலை. அந்த நம்பர ஒரு பதிவுல தேடினாத்தான் ஆள் பேரும் ஃபோனும் வரும். நான் நேர்ல பாத்த கொடுமை என்னன்னா, ஸ்கேனர் பீப்னு சத்தம் போடும், எங்களுக்கெல்லாம் சந்தோஷமா இருக்கும், நம்பர போட்டு தேடினா எந்த பதிவுலயும் இருக்காது, இல்ல இருந்தாலும் ஃபோன் நம்பர் உபயோகத்துல இல்லன்னு வரும். சிப்ப போட்டவர் ரசீதோட விட்டுட்டாரு, பதிவேத்த சொல்லி கொடுக்கல, வளர்த்தவருக்கும் தெரியல. அப்போ விதியில சிப் போடணும்னு எழுதினா மட்டும் போதாது. போடறவரே அந்த இடத்துலயே பதிவேத்தி காட்டணும், நம்பர் மாறினா ஒரு மெசேஜ்ல மாத்திக்கிற வசதி இருக்கணும், தனியார் பதிவு, உள்ளாட்சி பதிவு, மருத்துவமனை பதிவுன்னு தனித்தனியா கிடக்காம ஒரே இடத்துல தேடற மாதிரி இருக்கணும். ஸ்கேனரும் வெட் டாக்டர்கிட்ட மட்டும் இருந்தா பத்தாது, வண்டியில போய் நாய் புடிக்கிற ஊழியர் கையில முதல்ல இருக்கணும்.

அடுத்தது ரேபிஸ். லைசென்ஸ் வேணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு முதல் காரணமே இதுதான். உலக சுகாதார நிறுவன கணக்குப்படி வருஷத்துக்கு 59,000 பேர் வரைக்கும் ரேபிஸ்ல சாகறாங்க, அதுல 40 சதவீதம் 15 வயசுக்கு கீழ உள்ள பசங்க. மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் நாய் மூலமா வருது. அறிகுறி வந்துட்டா காப்பாத்தறதுக்கு வழியே கிடையாதுன்னுதான் சொல்லணும். ஆனா ஒரு ஏரியாவுல இருக்கிற நாய்ங்கள்ல 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுட்டா நோய் பரவுறது நின்னுடும்னு அவங்களே சொல்றாங்க. மொத்தம் எத்தன நாய் இருக்குன்னே தெரியாம 70 சதவீதத்த எப்படி கணக்கு பண்றது? லைசென்ஸ்தான் அந்த கணக்கு. அதனால லைசென்ஸ் தேதியும் ஊசி தேதியும் ஒண்ணாவே ஓடணும். குட்டிக்கு மூணு மாசத்துல முதல் ஊசி, அதோட லைசென்ஸ், அடுத்த ஊசி தேதி வர்றதுக்கு முன்னாடி ஃபோனுக்கு ஒரு மெசேஜ், ஊசி போட்டதும் லைசென்ஸ் தானா நீளணும், வேற பேப்பரே கேக்கக்கூடாது. பூனைக்கும் இதேதான், பூனை கடிச்சாலும் பிராண்டினாலும் ரேபிஸ் வரும்ங்கிறது பூனை வளர்க்கிறவங்கள்லயே நிறைய பேருக்கு தெரியறதில்ல. எது கடிச்சாலும் உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க, இத லைசென்ஸ் கார்டு பின்னாடியே அச்சடிச்சு கொடுத்தா கூட நல்லது.

காசு விஷயத்துக்கு வர்றேன். வசூல்னு சொல்றவங்க பயத்துல நியாயம் இல்லாம இல்ல. பிரிட்டன்ல ரொம்ப காலமா நாய் லைசென்ஸ் இருந்துச்சு, 1987ல எடுத்தாங்க, அப்போ அதுக்கு கட்டணம் வெறும் 37 பென்ஸ், அந்த சின்ன காசுக்கும் நாய் வச்சிருந்தவங்கள்ல பாதி பேர்தான் வாங்கி இருந்தாங்க. காசு கம்மியா இருந்தா எல்லாரும் வந்துடுவாங்கன்னு நினைக்கிறது தப்புன்னு இதுலயே தெரியுது. வாங்கினா நமக்கு என்ன கிடைக்கும்னுதான் ஜனங்க பாப்பாங்க. கனடாவுல கால்கரின்னு ஒரு நகரம், அங்க நாய்க்கும் பூனைக்கும் ரெண்டுக்கும் லைசென்ஸ் வேணும், வர்ற காச பிராணிகள் வேலைக்கே செலவு பண்றாங்க, கருத்தடை ஆபரேஷன் பண்ண பிராணிக்கு கட்டணம் கம்மி, வசதி இல்லாதவங்க பிராணிக்கு அதே காசுல இருந்து இலவச ஆபரேஷன். லைசென்ஸ் உள்ள நாய் தொலைஞ்சு போய் கிடைச்சா உடனே ஓனர தேடி புடிச்சு ஒப்படைக்க முடியுது. நம்ம நாய் காணாம போனா இந்த நம்பர் காப்பாத்தும்னு ஒரு தடவ தெருவுக்கு தெரிஞ்சுட்டா, அடுத்த வாரம் அந்த தெருவுல எல்லாரும் எடுத்துடுவாங்க, மிரட்டவே வேண்டாம். வாங்கின காச எங்க செலவு பண்ணாங்கன்னு உள்ளாட்சி வருஷத்துக்கு ஒரு தடவ வெளியிடணும், இது முக்கியம்.

இனத்த வச்சு தடை போடறது பத்தி ரொம்ப பேச விரும்பல. நெதர்லாந்துல குழந்தைங்க செத்த சம்பவங்களுக்கு அப்புறம் 1993ல பிட்புல்ங்கிற நாய் வகைக்கு தடை போட்டாங்க, கடிக்கிறது குறையலன்னு 2008ல அவங்களே விலக்கிக்கிட்டாங்க. பெரிய நாய் கடிச்சா சேதம் பெருசுங்கிறது உண்மை, அத மறுக்கல, அந்த மாதிரி நாய் வச்சிருக்கிறவங்களுக்கு கூடுதல் நிபந்தனை போடுங்க. ஆனா எந்த இனமா இருந்தாலும் ஒரு தடவ யாரையாவது துரத்தி இருக்கு, கடிச்சிருக்குன்னா அந்த நாயோட பதிவுல அது ஏறணும், பயிற்சி கொடுத்தாங்களான்னு பாக்கணும். நாள் முழுக்க ரெண்டடி செயின்ல கட்டி போட்ட நாய்தான் கண்டவங்க மேலயும் பாயும், ராத்திரி பூரா குலைக்கும், அப்படி கட்டி வைக்கிறதுதான் முதல்ல குத்தமாகணும்.

வாய்மூடி கட்டாயம்னு ஒரு வரி எழுதிடறாங்க, எந்த வாய்மூடின்னு எழுதறதில்ல, இது எனக்கு ரொம்ப கவலையான விஷயம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, வாய திறந்து நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய விடும். கடையில துணியில இறுக்கமா ஒண்ணு விக்கிறாங்க, அத மாட்டினா வாயே திறக்க முடியாது, வெயில்ல அதோட நடக்க வச்சா நாய் சுருண்டு விழுந்து செத்தே போகலாம். கூடை மாதிரி இருக்கிறத மாட்டினா உள்ள வாய திறக்கலாம், தண்ணி குடிக்கலாம், கடிக்க மட்டும் முடியாது. இந்த ஒரு வார்த்தைய, கூடை வடிவ வாய்மூடின்னு, விதியில சேத்தா போதும். ஃபைனுக்கு பயந்து ஒருத்தர் கைக்கு கிடைச்சத மாட்டிட்டு போய் தன் நாய தானே கொன்னுடக்கூடாது.

பூனைய எல்லாரும் மறந்துடறாங்க. பெண் பூனை நாலஞ்சு மாசத்துலயே சினை புடிச்சுடும், ஒன்பது வாரத்துல குட்டி, குட்டிக்கு பால் கொடுத்துட்டு இருக்கும்போதே அடுத்த சினை. சின்னக்குட்டிதானேன்னு ஆபரேஷன தள்ளிப்போட்டா அவ்வளவுதான், அடுத்தது அட்டைப்பெட்டியில வச்சு யார் வீட்டு வாசல்லயாவது விடுவாங்க. வீட்ல ஒருத்தங்க கர்ப்பமானதும் பூனைய துரத்தி விடறதும் நடக்குது, டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமி வயித்துல இருக்கிற குழந்தைய பாதிக்கும்னு பயம். அந்த கிருமி பூனை மலத்துல வெளிய வந்தாலும் தொத்துற நிலைக்கு வர குறைஞ்சது ஒரு நாளாவது ஆகும், வீட்ல வேற யாராவது தினமும் பூனை மலம் போற தட்ட சுத்தம் பண்ணிட்டு கைய கழுவினா பெரும்பாலும் முடிஞ்சது. சிங்கப்பூர்ல அரசு அடுக்குமாடி வீடுகள்ல பூனை வளர்க்கவே ரொம்ப வருஷமா அனுமதி இல்ல, ஆனாலும் வளர்த்துட்டுதான் இருந்தாங்க, ஒளிச்சு வச்சு. 2024 செப்டம்பர்ல அந்த தடைய எடுத்துட்டு ஒரு வீட்டுக்கு ரெண்டு பூனைன்னு லைசென்ஸ், சிப், புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஆன்லைன்ல ஒரு சின்ன கோர்ஸ்னு கொண்டு வந்தாங்க, ஏற்கனவே வச்சிருந்தவங்களுக்கு ரெண்டு வருஷம் அவகாசமும் கொடுத்தாங்க. தடை போட்டப்ப கண்ணுக்கு தெரியாம இருந்த பூனையெல்லாம் இப்ப பதிவுக்குள்ள வருது.

வாடகை வீட்ல இருக்கிறவங்கள பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டு ஓனர் கையெழுத்து இல்லாம லைசென்ஸ் கிடையாதுன்னு விதி வச்சா, அவங்க நாய ஒளிச்சு வைப்பாங்க, ஊசிக்கும் கூட்டிட்டு போக மாட்டாங்க. யாருக்கு ஊசி போய் சேரணுமோ அவங்களையே வெளிய தள்ளற விதி அது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தொல்லைன்னா புகார் கொடுக்க தனியா வழி வைங்க, நடைபாதையில அசிங்கம் பண்ணத எடுக்காம போறவங்களுக்கு தாராளமா ஃபைன் போடுங்க, அதுல இருக்கிற புழு முட்டை மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடந்து விளையாடற குழந்தைங்க வயித்துக்குள்ள போகும். அதுக்கும் வீட்டு ஓனர் கையெழுத்துக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். இந்த விதியெல்லாம் இறுதியாகறதுக்கு முன்னாடி வரைவா வெளியிட்டு பொதுமக்கள் கருத்து கேக்கும்போது, கடைசி தேதியையும் எந்த முகவரிக்கு எழுதணும்ங்கிறதையும் முதல் பக்கத்துல பெருசா போடுங்க. ஃபைன் போட ஆரம்பிச்ச அன்னிக்குதான் இப்படி ஒரு விதி இருக்குன்னே பாதி பேருக்கு தெரிய வருது. சிப் போடாம விக்கக்கூடாது, விக்கிறவர் பேருலதான் முதல் பதிவு, இந்த ரெண்டையும் சேக்க சொல்லி நான் எழுதப்போறேன், படிக்கிற மத்தவங்களும் எழுதணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி