நீலம் பாய்ந்த இழைப்புளித் தகட்டை மாற்றித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 50 மி.மீ. இழைப்புளித் தகட்டில் தயாரிப்புக் குறை

ஐயா,

தங்களிடம் வாங்கிய, மரம் சீவும் இழைப்புளிக்கான இரண்டு தகடுகளில் ஒன்று தேக்குப் பலகையில் பத்துப் பன்னிரண்டு தள்ளுக்குள் முனை மடங்கிவிடுகிறது. முதல் புகாருக்கு, தீட்டிய முறை தவறு என்றும், மூலையில் தெரியும் நீலம் வெறும் நிறம்தான், தேய்த்தால் போய்விடும் என்றும் பதில் எழுதியிருந்தீர்கள். நிறம் போகும். ஆனால் தோய்ச்சல் (சூடாக்கிக் குளிர்வித்து எஃகுக்கு ஏற்றும் கெட்டித்தன்மை) இறங்கிய எஃகு தேய்ப்பதால் மறுபடி கெட்டிப்படாது.

கார்பன் எஃகில் இந்த நீலம் ஏற ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கைக்கல்லில் அந்தச் சூடு வராது. தோய்ச்சலுக்குப் பிறகு உங்கள் ஆலையில் வெட்டுமுனையின் சரிவை அரைத்து எடுக்கும்போது, தகட்டைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்காமல் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துவிட்டார்கள் என்றே தெரிகிறது. சூடு பரவ இடமில்லாததால் மூலைதான் முதலில் கருகும். இங்கும் இடது மூலையில் 12 மி.மீ. அகலத்துக்கு நீலம். பொடிப்பல் அரத்தை லேசாக வைத்துப் பார்த்தால் நடுவில் வழுக்குகிறது, அந்த 12 மி.மீ.யில் மட்டும் கடிக்கிறது, அதாவது அங்கே மட்டும் எஃகு இளகியிருக்கிறது. இந்தச் சோதனையை உங்கள் பட்டறையிலேயே ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

தீட்டிய முறையைக் கேட்டிருந்தீர்கள். கல்லை முதலில் சமப்படுத்தி, தகட்டின் முதுகை முனையிலிருந்து 20 மி.மீ. வரை 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசானது) படிய வைத்தோம். சரிவு 25 டிகிரி. நுனியில் மட்டும் ஒரு மயிரிழை அகலத்துக்கு 30 டிகிரி. முழு அகலத்துக்கும் பிசிர் (தீட்டும்போது முனையின் மறுபக்கம் எழும் மெல்லிய எஃகு விளிம்பு) விரலில் தட்டிய பிறகே 6000 கல்லுக்குப் போனது, கடைசியாகத் தோல் பட்டை. நல்ல பகுதியில் பிசிர் தானாக உதிர்ந்தது. நீலப் பகுதியில் கம்பி போல இப்படியும் அப்படியும் வளைந்ததே தவிர விழவில்லை. தீட்டியது தவறென்றால் முனை முழுக்கவல்லவா மடங்கியிருக்க வேண்டும்? இரண்டாவது தகடு இதே கல்லில், இதே கோணத்தில் தீட்டியது. அதே பலகையில் நன்றாக நிற்கிறது. (தேக்கின் மேல் பழி போடவும் வழியில்லை. தேக்கிலுள்ள சிலிக்கா முனையை மழுக்கும், இப்படி மடக்காது.)

தகட்டின் மேல் திருகிப் பொருத்தும் மூடித்தகடும் சரியாகப் படியாமல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, சீவல் போய் அடைத்தது. அதை நாங்களே கல்லில் தேய்த்து, முனையிலிருந்து 0.3 மி.மீ. தள்ளி வைத்துக்கொண்டோம். அது இந்தப் புகாரில் இல்லை.

நீலம் முனையிலிருந்து 6 மி.மீ. உள்ளே ஏறியிருக்கிறது. அவ்வளவையும் அரைத்துத் தள்ளுவது வாங்கியவர் வேலை அல்ல. அரைத்துவிட்டால் ஆதாரமும் போய்விடும் என்பதால் தொடாமல் வைத்திருக்கிறோம். தகட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அரம் வைத்துப் பார்த்த வேறொன்றை அனுப்புங்கள். இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களில் பதில் இல்லையெனில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம்.

இணைப்பு: ரசீது நகல், நீல மூலையின் படம் 2

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்