வண்டல் அள்ளும்போது பாலாமையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் ஏரிகள் வற்றியதும் பழைய வட ஆற்காடு முழுக்க வண்டல் அள்ளப் பொக்லைன்கள் இறங்கிவிடுகின்றன. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அளவு உண்டு. அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிறது. நிலத்துக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. அந்த வண்டலுக்குள் கிடக்கும் பாலாமை என்ற நன்னீர் ஆமையைத்தான் யாரும் நினைப்பதில்லை.

தண்ணீர் வற்ற வற்ற பாலாமை சேற்றுக்குள் இறங்கி, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் வெடித்த மண். பொக்லைன் ஒரே மூச்சில் மூன்றடி வாரினால் ஆமை நசுங்கும், அல்லது மண்ணோடு டிராக்டர் ஏறி வயலில் காய்ந்து சாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பாலாமையும் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. கறிக்காகப் பிடிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வழி கடினமானதல்ல. ஏரி முழுவதையும் ஒரே கோடையில் தோண்டக் கூடாது. கோரையும் சம்பும் நிற்கும் ஈரப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கையாவது அடுத்த ஆண்டுக்கு விடவேண்டும். மற்ற இடத்தில் அரையடி அரையடியாகச் சீவி எடுக்கவேண்டும், வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் மண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். வேலை தொடங்கும் முன்பே வனச்சரகரிடம் சொல்லிவைப்பது அவசியம். தகவல் இல்லாமல் ஆமையைக் கையில் எடுப்பதும் வழக்காகலாம். கிடைத்த ஆமையைக் கழுவவோ ஆழத் தண்ணீரில் வீசவோ வேண்டாம். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, வனத்துறையினர் சொல்கிறபடி தோண்டாத ஈரச் சேற்றில் விட்டால் போதும். தூக்கும்போது பின்கால் பக்கம் பிடியுங்கள். கழுத்தை நீட்டிக் கடிக்கும்.

குழியின் ஓரம் செங்குத்தாக நிற்கக் கூடாது. ஓரடி ஆழத்துக்கு நாலடி சரிவு விட்டால் ஆமை ஏறும், மாடும் ஏறும், குளிக்கப் போகும் பிள்ளைகளும் தப்பும். வண்டல் தீர்ந்து களிமண் தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். அதையும் உடைத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

அதே வண்டி சீமைக் கருவேலோடு நாட்டுக் கருவேலையும் சாய்க்கிறது. நாரையும் கொக்கும் நாட்டுக் கருவேலில் கூடு கட்டும். பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தாற்போல் இடுங்கியிருக்கும், பட்டை கருத்து வெடித்திருக்கும். சீமைக் கருவேலின் பூ நீளக் கதிர், காயில் அந்த இடுக்கு இல்லை. நிற்கவேண்டிய மரத்துக்கு முன்கூட்டியே சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டால் ஓட்டுநருக்குக் குழப்பம் வராது. சீமைக் கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பெயர்க்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

வரும் கோடையில் வட்டாட்சியர்கள் தரும் அனுமதிச் சீட்டிலேயே இந்த நிபந்தனைகளை அச்சடித்துத் தர மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிடவேண்டும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயிகளும் பறவை நோக்குவோரும்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்