வெறும் வயிற்றில் தொடங்கி ஆறு மணி நேரம்

அரசு மருத்துவமனைகளில் தொற்றா நோய்ப் பிரிவை நடத்தும் கண்காணிப்பாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் அம்மாவின் சர்க்கரை, பிரஷர் செக்கப்புக்கு ஒரு நோட்டும் பேனாவுமாகப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம்.

7:10 ஓ.பி. சீட்டு வரிசை. 8:05 வெறும் வயிற்று ரத்தம். படிக்கட்டில் உட்கார்ந்து இட்லி டப்பாவைத் திறந்தோம். 10:20 இரண்டாவது ஊசி. காலையில் எழுதிய அதே சிஸ்டர், அதே பெயர், அதே வயது, வேறு ரிஜிஸ்டர். 12:25 டாக்டர், மூன்று நிமிடம்: "அதே மாத்திரைதாம்மா." 1:15 மாத்திரை கவுன்டர்.

மொத்தம் 365 நிமிடம். ஊசி, பிரஷர், டாக்டர், மாத்திரை எல்லாம் சேர்த்தால் பத்து நிமிடம். சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் சோதனைக்கே தேவை. மீதி நான்கு மணி நேரம் யாருக்காக?

கார் கம்பெனி டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வகுத்த ஏழு வகை வீணடிப்புகளில் காத்திருப்பும் ஒன்று. வீணடிப்பைக் களையும் அந்த 'லீன்' முறையை 2002-ல் அமெரிக்காவில் சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை கையில் எடுத்தது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். ஆளைக் குறைப்பதல்ல லீன்; அப்படிச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

குடல்வால் ஆபரேஷனுக்கு வருபவர் ஒருமுறை காத்திருந்துவிட்டுப் போய்விடுவார். சர்க்கரைக்காரர் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை, ஆயுள் முழுக்க வருகிறார். பக்கத்தில் இருந்த கொத்தனார் சொன்னார்: "இன்னிக்குக் கூலி போச்சு. அடுத்த மாசம் வரமாட்டேன்." அவர் அடுத்து வரும்போது காலில் புண்ணோடு வரலாம்.

நோய் கட்டுக்குள் இருப்பவரையும் இல்லாதவரையும் ஏன் ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள்? எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், ஒரே ஊசி போதும், சுமார் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லிவிடும். கட்டுக்குள் இருப்பவருக்குத் தேதி கொடுத்து, ரத்தத்தை இரண்டு நாள் முன்பே எடுத்துவிட்டால், டாக்டர் முன் உட்காரும்போது ரிப்போர்ட் கையில் இருக்கும். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. அதில் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் ஓ.பி.யில் யாரும் கேட்கவில்லை. டாக்டர் மேசையிலேயே அந்தப் பதிவை முடிக்க முடியாதா?

எதையும் மாற்றுவதற்கு முன், உங்களில் ஒருவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு நோயாளியோடு கேட்டிலிருந்து கேட்டுவரை ஒரு நாள் நடந்து பாருங்கள். கையில் ஒரு நோட்டு போதும்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்த அந்த சிஸ்டர் சொன்னது: "ரெண்டு ரிஜிஸ்டர் எதுக்குன்னு எங்களுக்கே தெரியல தம்பி. அதையும் சேர்த்து எழுதுங்க." எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அடுத்த மாதமும் அம்மாவோடு வரப்போகும் மகன்