மூக்குக் கிருமிக்குப் பி.சி.ஆர். மட்டும் போதாது, கல்ச்சரும் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் ஆய்வக நுட்பநர்கள், நுண்ணுயிரியல் மருத்துவர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி) மூக்குச் சோதனைக்குப் பி.சி.ஆர். (கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை) கார்ட்ரிட்ஜ்களும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டரும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேரின் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் மெக்-ஏ மரபணுவைப் பெற்ற எம்.ஆர்.எஸ்.ஏ. வகை, மூட்டு மாற்று அறுவைக் காயத்துக்குள்ளோ டயாலிசிஸ் குழாய்க்குள்ளோ போய்விட்டால் வழக்கமான மருந்துகள் எடுபடாது. முன்கூட்டியே தெரிந்தால் 2 சதவீத முபிரோசின் களிம்பை மூக்கில் நாளுக்கு இருமுறை 5 நாள் பூசி, குளோர்ஹெக்சிடின் போட்டுக் குளிக்கவைத்து, அதன்பின் அறுவைக்கு அனுப்பலாம்.

எத்தனை சீக்கிரம் தெரிகிறது என்பதில்தான் இரண்டு சோதனைகளும் வேறுபடுகின்றன. கார்ட்ரிட்ஜ் வகைப் பி.சி.ஆர். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தரும். கல்ச்சரில் நிறம் காட்டும் அகார் தட்டில் கிருமி வளர ஒரு நாள், உறுதிசெய்ய இன்னொரு நாள். உப்பு கலந்த திரவ ஊடகத்தில் முதலில் ஓரிரவு வளர்த்தால் குறைந்த அளவில் உள்ள கிருமியும் சிக்கும். ஆனால் மேலும் ஒரு நாள் போகும். எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருக்கலாம் என்று நிமோனியா நோயாளிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வான்கோமைசின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மூன்று நாள் சிறிய விஷயமல்ல. மூக்குப் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால் அந்த நிமோனியாவுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர் அன்றே மருந்தை நிறுத்தி நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்க முடியும்.

இதைக் கொண்டு பி.சி.ஆர். ஒன்றே போதும் என்று முடிவெடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். களிம்பு பூசி முடித்தவரின் மூக்கில் செத்துக் கிடக்கும் கிருமியின் டி.என்.ஏ.வையும் அது பாசிட்டிவ் என்று காட்டும். மெக்-ஏ உதிர்ந்துபோய், அது இருந்த மரபணுத் துண்டின் ஓரம் மட்டும் மிஞ்சிய சாதாரணக் கிருமியையும் சில சோதனைகள் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்லிவிடும். சளியோ இரத்தமோ அதிகம் ஒட்டிய ஸ்வாப் (மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி) என்றால் சோதனையே நடக்காமல் முடிவு செல்லாததாகிவிடும். முபிரோசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா, கிளிண்டமைசின் கேட்குமா என்பதையெல்லாம் உயிருள்ள கிருமியை வளர்த்துத்தான் பார்க்க முடியும்.

கல்ச்சர் பக்கம் எங்களுக்கு உள்ள பெரிய சிக்கல் வெப்பம். எம்.ஆர்.எஸ்.ஏ.வா என்று கண்டறிய, செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க் (மருந்து ஊறிய சிறு வில்லை) வைத்த தட்டை 33 முதல் 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் எதிர்ப்புள்ள கிருமியும் மருந்துக்குக் கட்டுப்பட்டதுபோல் தோற்றம் தரும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியைத் தொடும்போது பெட்டிக்குள் 35 எப்படி நிற்கும்? டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டுப்படும், 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எதிர்ப்பு. ஒரே ஒரு மில்லிமீட்டரில் முடிவு மாறுகிற இடம் இது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் ஈரம் கோத்து மருந்தின் வீரியம் குறைந்துவிடும். அகார் 4 மி.மீ.க்கு மேல் தடித்துவிட்டாலும் வளையம் சுருங்கும். தரக்கட்டுப்பாட்டுக் கிருமியான ஏ.டி.சி.சி. 25923-ன் வளையம் 23 முதல் 29 மி.மீ.க்குள் வரவில்லை என்றால் அன்றைய முடிவுகளை வெளியிடக் கூடாது. அந்தக் கிருமியே கையிருப்பில் இல்லாத ஆய்வகத்தில் இதை எப்படிச் சரிபார்ப்பது?

ஆகவே, கல்ச்சர் செய்யும் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் குளிரூட்டும் பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்றும், தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகளும், செஃபாக்சிடின் டிஸ்க்குகளும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாகத் தடையின்றிக் கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். கார்ட்ரிட்ஜ்களை எல்லோருக்கும் செலவழிக்கத் தேவையில்லை. உலோக மூட்டோ தகடோ பொருத்தப்படுபவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், வான்கோமைசின் தொடங்கப்பட்ட நிமோனியா நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் போதும். காசநோய்ப் பிரிவில் உள்ள கார்ட்ரிட்ஜ் இயந்திரங்களையே, சளி மாதிரிகள் முடிந்தபின் பயன்படுத்த அனுமதி தரலாம். காசநோய்ச் சோதனைக்குத்தான் முன்னுரிமை என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் கார்ட்ரிட்ஜ் வீணாகும் என்பதால் யு.பி.எஸ். பேட்டரியையும் சேர்த்துக் கோருகிறோம்.

ஸ்வாப் வாங்கும்போது ஒரே மூடியில் இரண்டு பஞ்சுக்குச்சிகள் உள்ளதாக வாங்க வேண்டும். இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தலா ஐந்து சுற்றுச் சுற்றி எடுத்தபின், ஒன்று கார்ட்ரிட்ஜுக்கும் மற்றொன்று கல்ச்சருக்கும் போகும். திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில் போன்ற தொலைவிடங்களிலிருந்து வருபவை கிருமியை உயிரோடு வைத்திருக்கும் ஆமிஸ் ஊடகக் குழாயில், வெயில் படாத பெட்டியில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வாகன வசதி செய்து தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

தேவைப்படும் பொருட்களின் மாதவாரி அளவை இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் அவர்களிடம் நேரில் விளக்கத் தயாராக உள்ளோம். அதற்கு ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர்

இடம்: கடலூர்