புதுப்பேட்டையில் பார்த்த அண்ணாவுக்கு

அண்ணா, போன சனிக்கிழமை சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடை வாசலில், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை இழுத்துக் கழற்றும் ஹப் புல்லர் கேட்டு நின்றவள் நான். பக்கத்தில் நின்ற நீங்கள், "எதுக்கும்மா?" என்றீர்கள்.

ஈஞ்சம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன புல்வெட்டும் சின்ன டிராக்டர். கடற்கரை உப்புக்காற்றில் பின்சக்கர ஹப் ஆக்சிலோடு துருவேறி ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. அதைக் கேட்டதும், "அடிக்காதீங்க, உள்ளே கியர்பாக்ஸ் போயிடும்" என்று பதறி, உங்கள் பைக்கிலேயே வீடு வரை வந்துவிட்டீர்கள்.

முதலில் ஹப்பை ஆக்சிலோடு பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைக் கழற்றினீர்கள். பிறகு ஆக்சில் முனைத் துருவை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தீர்கள். புல்லரை மாட்டி இறுக்கினீர்கள். நான் ஊற்றிவைத்த எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்த பிறகுதான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தீர்கள். அந்தக் கவனத்தை மறக்கவே மாட்டேன். ஹப்பைச் சுற்றி மட்டும் சூடு காட்டினீர்கள். ஆக்சில் சூடாகும் முன்னே ஹப் விரிய வேண்டுமாம். புல்லர் போல்ட்டின் தலையில் ஒரு தட்டு. 'டங்'கென்று சத்தம். நகர்ந்துவிட்டது! அம்மா அழுதுவிட்டார்.

பணம் வாங்கவில்லை, ஒரு டம்ளர் மோர்தான். "மாட்டும்போது கிரீஸ் தடவுங்க" என்று சொல்லி, மறுபக்கச் சக்கரத்துக்காகப் புல்லரையும் வைத்துவிட்டுப் போனீர்கள். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மறுபக்கமும் கழன்றுவிட்டது அண்ணா. ரொம்ப நன்றி. உங்கள் புல்லரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.