அடி வாங்குவது உன் சிலுவை இல்லை

அன்புள்ள தங்கைக்கு,

உன் மெசேஜை ராத்திரியே பார்த்துவிட்டேன். மணிக்கட்டில் உன் கணவரின் நாலு விரலும் பதிந்து கன்றிப்போயிருந்த அந்தப் படத்தைவிட, அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சபை மூப்பர் வந்து ஜெபம் பண்ணினாராம், இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, முறுமுறுக்காமல் சுமந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். உன் பெயரைச் சொல்லாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் எத்தனையோ பேர்.

நேராகவே சொல்கிறேன், அவர் சொன்னது தவறு. ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஏதோ சொல்லிவிட்டார் என்று விட முடியவில்லை, ஏனென்றால் நம் விசுவாசத்தின் நடுவில் இருக்கிற ஒன்றையே எடுத்து உன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிலுவையைச் சங்கிலியிலும் சபைக் கோபுரத்திலும் பார்த்துப் பழகிவிட்டோம். ரோமர்கள் அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று வைத்திருந்தார்கள், தங்கள் சொந்தக் குடிமக்களை அப்படிக் கொல்வது அரிது. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை ஒடுக்கிய கிராசஸ், கி.மு. 71-இல் கபுவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரமாக ஏறக்குறைய 6000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதற்குத்தான். அந்த மரத்தில் தேவகுமாரன் தொங்கினார் என்று நாம் அறிக்கை பண்ணுகிறோமே, அப்படியானால் கடவுள் யாரோடு நின்றார்? ஆணி அடித்தவர்களோடா, அடிபட்டவர்களோடா? மூன்றாம் நாள் பிதா அவரை எழுப்பினபோது ரோமின் தீர்ப்பையே செல்லாததாக்கினார். உன் கையை முறுக்கியதை ஆண்டவர் கொடுத்தது என்று சொல்கிறவர்கள், அவரைக் கொண்டுபோய் ஆணி அடித்தவர்கள் பக்கம் நிறுத்துகிறார்கள்.

சரி, இயேசு வாய் திறக்காமல் சுமந்தாரே, நீயும் சுமக்கக் கூடாதா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். நீ சுவிசேஷத்தை எடுத்து நிதானமாக வாசி. நாசரேத்தில் ஜனங்கள் அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது அவர்கள் நடுவிலேயே நடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். யூதேயாவில் கொல்லத் தேடுகிறார்கள் என்று தெரிந்து கலிலேயாவிலேயே இருந்துகொண்டார். கெத்செமனேயில்கூட, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார், அப்புறம்தான் உம்முடைய சித்தம் என்றார். அவர் உயிரைக் கொடுத்தது தானாக முன்வந்து கொடுத்தது: "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." உன்னிடம் யாராவது கேட்டுவிட்டா அடித்தார்கள்?

யோவான் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு இடம் இருக்கிறது, பிரசங்கத்தில் யாரும் அதிகம் தொடுவதில்லை. ராத்திரி நேரம், அவர் கட்டப்பட்டு நிற்கிறார், பக்கத்தில் நின்ற சேவகன் ஒருவன் அவரை அறைகிறான். மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு என்று மலைப்பிரசங்கத்தில் போதித்தவர் அப்போது கன்னத்தைத் திருப்பவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அது என்னவென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவனைப் பார்த்துக் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் அந்த அடியை நியாயம் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. விடிந்தால் சிலுவைக்குப் போகப் போகிறவர் கேட்ட கேள்வி அது. அதையே நீ கேட்டால் முறுமுறுப்பாகிவிடுமா?

"தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று அவர் சொன்னதற்கு முன்னால் "என் பின்னே வர விரும்பினால்" என்று இருக்கிறது. அவர் பின்னால் போவதால் நமக்கு வருகிற நஷ்டம்தான் அங்கே பேச்சு: பொய்க்கணக்கு எழுத மாட்டேன் என்றதால் வேலை போவது, ஒடுக்கப்பட்டவனுக்காகப் பேசி எல்லோருடைய பகையையும் வாங்கிக்கொள்வது. குடித்துவிட்டு வந்தவன் முறுக்கிய கை அந்தக் கணக்கில் வராது. பேதுருவின் முதலாம் நிருபத்தைக் காட்டுவார்கள், அநியாயமாய்ப் பாடுபட்டால் பொறுத்துக்கொள் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எஜமானைவிட்டுப் போக வழியே இல்லாத அடிமைகளுக்கு எழுதினது அது. வழி இருந்தபோது பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார், எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டினபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று சட்டம் பேசினார். நீ போலீஸில் புகார் கொடுப்பதும் அதே மாதிரிதான், விசுவாசக் குறைச்சல் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். நீ பொறுத்துப் போனால் உன் கணவர் இரட்சிக்கப்படுவார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இயேசு ஒரே பலியினாலே என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. அந்தப் பலியில் குறை எதுவும் இல்லை, உன் ரத்தத்தால் அதை நிரப்ப வேண்டியதில்லை. உன் கணவர் மனந்திரும்பட்டும், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் மன்னிப்பது வேறு, திரும்பவும் அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் போய் நிற்பது வேறு. மன்னிக்கவே உனக்கு நாளாகலாம், ஆகட்டும்.

இந்த வாரம் பேசி உன்னைக் கணவரிடம் அனுப்பிவைக்க மூப்பர் வருவதாகச் சொன்னாய். தனியாக உட்காராதே, நான் வருகிறேன். அவர் வேதத்தைத் திறந்தால் நாமும் திறப்போம்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தாய். 22-ஆம் சங்கீதத்தை எடுத்து, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற முதல் வரியைச் சத்தமாகவே வாசி. சிலுவையில் அவர் கத்தினதும் அதுதான், அதற்காக அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. அங்கேயே நிறுத்திவிடாதே, 24-ஆம் வசனம் வரைக்கும் போ. உபத்திரவப்பட்டவனை அவர் அற்பமாக எண்ணவில்லை, முகத்தை மறைக்கவில்லை, கூப்பிட்டபோது கேட்டார் என்று அங்கே இருக்கிறது.

உன் அக்கா